பினாங்கில் அறை தேடும் மச்சானுக்கு

சென்னைக்காரர்களுக்கு ஜார்ஜ் டவுன் என்றால் பாரிமுனை, மண்ணடி, தம்புச்செட்டித் தெரு. மலேசியாவின் பினாங்குத் தீவிலும் ஒரு ஜார்ஜ் டவுன் இருக்கிறது. பெயரில் அதுதான் மூத்தது. 1786-இல் பிரான்சிஸ் லைட் அந்தத் தீவில் இறங்கி, அப்போதைய மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை ஊருக்கு வைத்தார். நம்முடையது ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய காலம்வரை கறுப்பர் நகரமாகவே இருந்தது.

2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியதிலிருந்து, மூன்று முறை போய்வந்தவன் என்ற ஒரே தகுதியில் எனக்கு ஃபோன் வந்துகொண்டிருக்கிறது. போன வாரம் மச்சான் பேசினார். “மாப்ளே, பெரிய ஓட்டல் வேண்டாம். பழைய வீட்டைப் புதுப்பிச்சு பத்து இருபது ரூம் வெச்சிருப்பாங்களே, பூட்டிக் ஓட்டல், அந்த மாதிரி. ஊருக்கு நடுவுல இருக்கணும். நல்ல சாப்பாடு நடந்து போற தூரத்துல கிடைக்கணும். ராத்திரி ஒரு பீர் குடிக்கவும் இடம் வேணும்.” நான்கு இரவுகள். கூட அவர் மனைவி, அப்புறம் அவருடைய அம்மா. அதாவது என் மாமியார். எழுபத்திரண்டு வயது, சுத்த சைவம், மாடிப்படியைக் கண்டாலே வலிக்கும் முழங்கால். இந்தத் தகவலை மச்சான் கடைசியாகத்தான் சொன்னார். முதலில் சொல்லியிருக்க வேண்டியதே அதுதான்.

ஐந்து விடுதிகளின் இணைப்புகளை அனுப்பியிருந்தார். ஐந்தும் அழகானவை, ஐந்துமே ‘ஊருக்கு நடுவில்’ என்று சொல்லிக்கொள்பவை. அது பொய்யும் இல்லை. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்தப் பழைய நகரம் அவ்வளவு பெரியதில்லை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். ஆனால் அந்த அரை மணி நேரம் காலை ஏழு மணிக்கு ஒரு மாதிரி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்கு நடக்கும்போது வேறு மாதிரி.

நான் விடுதியைத் தேர்ந்தெடுப்பது அந்த இரண்டு மணியை வைத்துத்தான். பினாங்குச் சாப்பாடு ஒரே இடத்தில் உட்கார்ந்து மூன்று வேளை முடிக்கிற சாப்பாடு அல்ல. ஒரு வண்டிக்கடையில் ஒரே ஒரு பண்டம்தான் இருக்கும், அதற்கும் ஒரு நேரம் உண்டு. காலைக் கடை மதியம் மூடிவிடும். மாலைத் தள்ளுவண்டி விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வரும். ஒரு நாளைக்கு ஐந்து முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால்தான் அந்த ஊரைச் சாப்பிட்டதாக அர்த்தம். இடையில் அறைக்கு வந்து, குளித்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் கிடக்க வேண்டும். அறை பத்து நிமிட நடைக்கு அப்பால் இருந்தால் திரும்பி வர மாட்டோம், வெயிலில் சுற்றி மாலைக்குள் பசியும் போய் எரிச்சல்தான் மிஞ்சும். கடைகளின் முன்புறம் ஓடும் ஐந்தடிப் பாதை நிழல் தரும் என்று எல்லா வழிகாட்டிகளும் எழுதுகின்றன. தரும்தான். ஆனால் பாதி இடத்தில் மோட்டார் சைக்கிளும் பூந்தொட்டியும் நிற்கும். இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போக வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுவே மலையேற்றம்.

ஆக, முதலில் தெரு, பிறகு விடுதி.

மச்சானின் முதல் விருப்பம் லீத் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் சே மாளிகை. நீல மாளிகை என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும் என்று எழுத வந்தேன், அங்கே ஆட்டோ கிடையாது, கிராப் என்ற ஆப்பில் கூப்பிடும் டாக்ஸிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சியோங் ஃபாட் சே என்ற சீன ஹக்கா வணிகர் கட்டிய வீடு: 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 ஜன்னல்கள். சுவரின் நீலம் சுண்ணாம்பில் அவுரிச்சாயம் கலந்து வந்தது. நம் ஊர்ப் பக்கம் விளைந்து கப்பலேறிய அதே அவுரி. இடிந்துகொண்டிருந்த வீட்டைச் சிலர் சேர்ந்து வாங்கிச் சீரமைத்து, 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் வாங்கினார்கள். காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத முற்றத்தில் காபியோடு உட்காருவதற்காகவே ஒரு இரவு கொடுக்கலாம். விலை அதிகம். இன்னொன்று, அது காட்சிக்கூடமும்கூட. சுற்றிப் பார்க்கும் குழுக்கள் வேளை வைத்து வரும், அந்த நேரத்தில் நீங்கள் துண்டோடு நடந்தால் நீங்களும் காட்சிதான்.

சாப்பாட்டுக்கு? இங்கேதான் இந்த மாளிகை எதிர்பாராத மார்க் வாங்குகிறது. பினாங்கு ரோடும் சூலியா தெருவும் சேரும் இடத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்தில் இருக்கும் லைன் கிளியர் நாசி கண்டார் கடை ஐந்து நிமிட நடை. நாசி என்றால் சோறு, கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம்கள் அந்தக் கம்பின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அதன் வாரிசுதான் இன்று தட்டில் நான்கைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவது. ‘பஞ்சிர்’ என்று சொன்னால் வெள்ளமாக ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றாலே மலாயில் வெள்ளம்தான். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் நடந்தால் கெங் குவீ சந்தில் 1936 முதல் இருக்கும் செண்டோல் கடை. பச்சை நிற அரிசிமாவு இழை, தேங்காய்ப்பால், பனைவெல்லம், சிவப்புப் பயறு, துருவிய ஐஸ். மாமியாரும் சாப்பிடலாம். பனைவெல்லத்தின் வாசனையில் அவர் ஊர்க்கதை ஆரம்பித்துவிடுவார் என்பது என் கணிப்பு.

லீத் தெருவிலேயே ரெட் கார்டன் என்ற இரவுச் சாப்பாட்டுத் திடல் இருக்கிறது. பத்து இருபது கடைகள், பீர், மேடையில் பாட்டு. உணவு சுமார்தான், ஆனால் அறைக்கு இவ்வளவு அருகில் பீரும் கொய்த்தியாவ் எனும் வறுத்த அரிசி நூடுல்ஸும் ஒரே மேசையில் கிடைப்பது மச்சானுக்குப் பிடிக்கும். நீல மாளிகைக்கு அருகிலேயே எடிசன் என்று வெள்ளை நிறத்தில் இன்னொரு மாளிகை உண்டு. பழைய கேத்தே ஓட்டல்தான் அது, நீச்சல் குளம் எல்லாம் வைத்துப் புதுப்பித்தார்கள். நீல மாளிகையின் கதை வேண்டாம், அந்தத் தெருவின் வசதி மட்டும் போதும் என்பவர்களுக்கு அது.

இரண்டாவது இணைப்பு கேம்பல் ஹவுஸ், கேம்பல் தெருவில். சாப்பாட்டுக்காக மட்டுமே போகிறேன் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இந்தத் தெருவைச் சொல்வேன். 1907 முதல் இருக்கும் ஹமீதியா உணவகம் இதே தெருவில். தெருவின் இன்னொரு பகுதியில் ஒரு முடுக்குக்குள் தோ சூன் காபிக் கடை. தகர டின்னில் கரி அடுப்பு, அதில் வாட்டிய ரொட்டி, மேலே காயா எனும் தேங்காய்-முட்டை ஜாம். ஞாயிறன்று திறப்பதில்லை, மற்ற நாள் காலையில் நின்றுகொண்டே இடம் பிடிக்க வேண்டும். பினாங்கு ரோட்டைக் கடந்தால் சௌரஸ்தா சந்தை. பெயர் அதேதான், நம் ஊர் நாற்சந்தி. அங்கே ஜாதிக்காயைச் சீவி, ஊறவைத்து, காயவைத்து எத்தனை விதமாக விற்கிறார்கள் என்று பார்க்கவே ஒரு மணி நேரம் போகும். நான்கைந்து நிமிட நடையில் கிம்பர்லி தெரு. பகலில் அங்கே ஒன்றும் இருக்காது, இருட்டத் தொடங்கியதும் வாத்துக் கறிச் சாறும் மீன் உருண்டை நூடுல்ஸும் கொதிக்கும். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு அடுக்கும் ஐந்து நிமிட வட்டத்துக்குள் விழுகிற இடம் இந்த ஊரில் இதுதான். மதியம் இரண்டு மணிக்கு அறைக்குத் திரும்புவது பிரச்சினையே இல்லை.

குறை? கேம்பல் தெரு அழகான தெரு அல்ல. நகைக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, துணிக்கடை. மச்சானின் மனைவி படம் எடுக்க எதிர்பார்க்கும் பூட்டிக் தெரு இதுவல்ல. விடுதியோ பழைய கடைவீட்டின் மாடிகளில் இருப்பது. மாமியாரை நினைத்ததும் இதை அடித்துவிட்டேன், வருத்தத்தோடு.

மூன்றாவது, ஹோட்டல் பெனாகா. ஹட்டன் சாலையும் கிளார்க் தெருவும் சேரும் மூலையில், 1920-களின் வரிசை வீடுகளைக் கட்டடக் கலைஞர் ஹிஜாஸ் கஸ்தூரி தம்பதி சீரமைத்தது. நடுவில் தோட்டம், நீச்சல் குளம், நல்ல ஓவியங்கள். மையத்திலிருந்து ஒரு எட்டு விலகி இருப்பதால் இரவு அமைதி. பலரும் இதை ‘கொஞ்சம் தள்ளி’ என்று ஒதுக்குகிறார்கள். அவர்கள் டிரான்ஸ்ஃபர் ரோடு பக்கத்தில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். காலையில் அங்கே ஓரத்துக் கடையில் ரொட்டி சானாய், அதாவது நம் பரோட்டாவின் தம்பி, மேலே கறிக்குழம்பு ஊற்றித் தருவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, மர நிழல், தே தாரிக் எனும் ஆற்றிய டீ. ஊரில் எனக்குப் பிடித்த காலை உணவு அதுதான். அதே சாலையில்தான் ‘ரொட்டி பெங்காலி’ சுடும் பழைய பேக்கரியும். வங்காளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். கூட்டாகப் பங்கு போட்டு நடத்தியதால் ‘பங்காளி’ ரொட்டி, அதுதான் மருவிப் பெங்காலி ஆனது என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை உண்மையோ இல்லையோ, தமிழ்க் காதுக்கு இனிக்கிறது.

ஆனால் இரவில் கிம்பர்லி தெருவுக்கோ லிட்டில் இந்தியாவுக்கோ போய்வர கால் மணி நேரமாவது நடக்க வேண்டும். பெனாகா காலைச் சாப்பாட்டுக்காரர்களின் விடுதி. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், அந்தக் குளத்துக்காகச் சொல்வேன்.

நான்காவது செவன் டெரசஸ், ஸ்டூவர்ட் சந்தில், சீனர்களின் குவான் யின் கோயிலை ஒட்டி. வரிசையாக நின்ற ஏழு பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளை இணைத்து உருவாக்கியது. சீன-மலாய்க் கலப்பான பெரனாக்கன் பாணி மர வேலைப்பாடும் முத்துச்சிப்பி பதித்த நாற்காலிகளும் கண்ணைப் பறிக்கும். விலையும் பறிக்கும். பல சூட்களில் உள்ளேயே படிக்கட்டு, ஒரே அறை இரண்டு தளம். இருக்கும் இடம் அருமை. வெளியே வந்தால் கபித்தான் கிளிங் பள்ளிவாசல் தெரு. புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர் கோயில், சற்றுத் தள்ளிக் குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், அதற்கும் அப்பால் 1801-இல் காதிர் மொய்தீன் நிறுவிய பள்ளிவாசல் என்று எல்லாச் சாமிகளும் பத்து நிமிட நடைக்குள்.

ஐந்தாவது ரென் ஈ டாங், பினாங்கு தெருவில். (பினாங்கு தெரு வேறு, பினாங்கு ரோடு வேறு. கிராப்பில் தவறாகப் போட்டு நான் ஒருமுறை ஊரின் மறுபக்கம் இறங்கியிருக்கிறேன்.) பழைய சீன மருந்துக்கடையை விடுதியாக்கியது. ஐந்தில் இதுதான் எளிமையானது, விலையும் இறங்கி வரும். கதவைத் திறந்தால் லிட்டில் இந்தியா. மல்லிகைச் சரம், ஊதுபத்தி, பாட்டுக் கடை ஒலிபெருக்கி. வெளிநாட்டுக்கு வந்துவிட்டுப் பாரிமுனையிலேயே தங்குவதா என்று முதல் தடவை நானும் நினைத்தேன். இரண்டாம் முறை அம்மாவோடு போனபோது புத்தி வந்தது. அந்த ஊரின் பெருமையே பன்றியும் இறாலும் நெத்திலியும். வெறும் நூடுல்ஸ் என்று நினைத்து வாங்கினால் சாற்றில் இறால் தலை இருக்கும். சைவர்களுக்கு நிம்மதியான தெரு இது ஒன்றுதான். உட்லண்ட்ஸ் சைவ உணவகம் இதே தெருவில், வாழையிலைச் சாப்பாடு, தோசை, மூலைக்கு மூலை டீ. அம்மாவுக்காக ஒவ்வொரு வேளையும் நகரைக் குறுக்கே கடந்து வந்த அந்த நான்கு நாட்களில், நான் சீனக் கடை எதிலும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

இவற்றைத் தவிர, ஈ அண்ட் ஓ-வைப் பற்றியும் மச்சான் கேட்டார். 1885-இல் சார்க்கிஸ் சகோதரர்கள் தொடங்கிய கடற்கரை ஓட்டல், அற்புதம்தான், ஆனால் அது பெரிய ஓட்டல். மாலையில் கடலைப் பார்த்தபடி ஒரு கோப்பை குடித்துவிட்டு வந்தால் போதும். மெக்கலிஸ்டர் மாளிகை எட்டே அறைகளோடு அழகு, ஆனால் நடக்கிற தூரம் என்ற நிபந்தனையில் விழுந்துவிடும்.

குடியைப் பற்றி. டாஸ்மாக் விலையை விமான நிலையத்திலேயே மறந்துவிட வேண்டும். மலேசியாவில் மதுவுக்கு வரி கடுமை. நாசி கண்டார் கடையிலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையிலும் மது கிடையாது, கேட்கவும் கூடாது. சீனர் காபிக் கடைகளிலும் திடல்களிலும் பெரிய பாட்டிலாகப் பீர் கிடைக்கும், மேசையில் நடுவில் வைத்துப் பங்கிட்டுக் குடிப்பார்கள். மதுக்கூடங்கள் லவ் லேன், அதை ஒட்டிய சூலியா தெரு, பினாங்கு ரோட்டின் மேல் முனை ஆகிய இடங்களில் குவிந்திருக்கின்றன. ‘குடிக்க இடம் பக்கத்தில்’ என்பதற்காக லவ் லேனிலேயே அறை எடுக்க வேண்டாம். நண்பர்களோடு போன முதல் பயணத்தில் அந்தப் பக்கத்தில் ஒரு விடுதியில் தெருப்பக்க அறை கிடைத்தது. மர ஜன்னல், ஒற்றைக் கண்ணாடிகூட இல்லை. இரவு இரண்டு மணி வரை எதிர்க் கடையின் பாஸ் கிதார் என் கட்டிலில்தான் வாசித்தது. வரவேற்பில் முறையிட்டதற்கு ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்கள். காதடைப்பான். டப்பா டப்பாவாக வாங்கி வைத்திருந்தார்கள். குடிக்கிற தெருவிலிருந்து ஏழெட்டு நிமிடம் தள்ளி இருப்பது நல்லது, திரும்பி நடக்கும்போது தலையும் தெளியும்.

பழைய வீடுகளில் அறை எங்கே இருக்கிறது என்பது விடுதியின் பெயரைவிட முக்கியம். இந்தக் கடைவீடுகள் முகம் குறுகி, உடம்பு நீண்டவை. நம் செட்டிநாட்டு வீடு மாதிரி நடுவில் வானம் பார்த்த முற்றம். முன் அறைக்கு வெளிச்சமும் உண்டு, தெருச் சத்தமும் உண்டு. நடு அறையின் ஜன்னல் முற்றத்தைத்தான் பார்க்கும், சிலவற்றில் வெயிலே விழாது, ஈர வாடை இருக்கும். பின் அறை தூங்குவதற்கு. மரப்படி செங்குத்தாக இருக்கும், பாரம்பரியக் கட்டடம் என்பதால் நினைத்த இடத்தில் லிஃப்ட் வைக்க முடியாது. சில விடுதிகள் சிறு குழந்தைகளை ஏற்பதும் இல்லை. இணையப் படங்களில் இவை எதுவும் தெரியாது. மின்னஞ்சலில் கேட்டால்தான் உண்டு. காலை உணவு சேர்த்த விலைக்கும் சேர்க்காத விலைக்கும் வித்தியாசம் இருந்தால் சேர்க்காததையே எடுங்கள். அப்புறம், வெளிநாட்டவர் ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கட்ட வேண்டும். பினாங்கு மாநிலத்துக்கென்று இரண்டு மூன்று ரிங்கிட் கட்டணமும் உண்டு. இணையத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் அது இருக்காது.

மச்சான் மட்டும் மனைவியோடு போவதாக இருந்தால் மூன்று இரவு கேம்பல் தெரு, கடைசி இரவு நீல மாளிகை என்று சொல்லியிருப்பேன். விடுதி மாறும் செலவு ஒரு சின்ன கிராப் சவாரிதான். மாமியார் வருவதால் கணக்கு மாறுகிறது. அவரால் நடக்க முடிகிற தூரத்துக்குள் அவர் சாப்பிடக் கூடியது இருக்க வேண்டும். அவர் மதியம் படுத்திருக்கும்போது மற்ற இருவரும் குற்ற உணர்வு இல்லாமல் கிளம்பிப்போய் வாத்துக் கறி சாப்பிட வேண்டும். பினாங்கு தெருவுக்கும் ஸ்டூவர்ட் சந்துக்கும் இடைப்பட்ட பகுதிதான் இதற்குப் பொருந்தும். பீர் ஏழெட்டு நிமிடத்தில். அங்கே எந்த விடுதி கீழ்த்தள அறையை எழுத்தில் உறுதி செய்கிறதோ, அதை எடு என்றேன்.

மச்சானுக்கு மனசில்லை. நீல மாளிகையின் படத்தை மறுபடியும் அனுப்பினார். கிராப் இருக்கே, அம்மாவை ஏற்றி அனுப்பிவிடலாமே என்றார். பேச்சு ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்தது போல. நடுவில் மாமியாரின் குரல் வந்தது.

“அங்க காபி எப்படி இருக்கும், மாப்பிள்ளை?”

உள்ளூர்க் காபிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுக் கறுக்க வறுப்பார்கள் அத்தை, நம் டிகாக்‌ஷன் மாதிரி இருக்காது என்றேன். ஆனால் லிட்டில் இந்தியாவில் டீ நல்லா இருக்கும், நுரை பொங்க ஆற்றித் தருவார்கள்.

“அப்போ டீ கிடைக்கிற தெருவுலேயே எடுடா,” என்றார் மச்சானிடம்.